வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால்

குழந்தையைக் குளிக்க வைக்கிறோம். எண்ணெய் தேய்க்கிறோம். வயிற்றைத் தடவுகிறோம். ஒரு நாள் கைக்கு ஏதோ தட்டுப்படுகிறது. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே. கெட்டியாக இருக்கிறது. குழந்தை அழவில்லை. வலிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் வயிறு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பழைய கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை.

இப்போது என்ன செய்வது?

பெங்களூரு விவேக் நகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். அதனால் யோசனை சொல்வதற்கு ஆள் பஞ்சமே இல்லை.

"வயித்துல பூச்சி இருக்கும் தங்கச்சி. விளக்கெண்ணெய் குடு" என்பார் எதிர் வீட்டு அக்கா.

"குடலேத்தமா இருக்கும்மா. எண்ணெய் போட்டு வழிச்சு விட்டா இறங்கிடும்" என்பார் பாட்டி.

இருவரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கட்டி இருக்கும் வயிற்றை வழித்து விடக் கூடாது. அமுக்கவும் கூடாது. சில கட்டிகள் அமுக்கினால் உள்ளே உடைந்துவிடும். ரத்தம் கசியும். நோய் பரவவும் வழியாகும். ஒரு முறை தட்டுப்பட்டால் போதும். இருக்கிறதா, இருக்கிறதா என்று வீட்டில் உள்ள எல்லோரும் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

வயிற்றில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோய் அல்ல. மலம் இறுகி இருக்கலாம். மண்ணீரல் வீங்கி இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். எது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. டாக்டராலும் முடியாது. ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். அதனால் அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விவேக் நகரில் குழந்தை ஏசு கோயில் இருக்கிறது. வியாழக்கிழமை அங்கே கூட்டம் அலைமோதும். எல்லா மதத்தாரும் வருவார்கள். குழந்தைக்காக வேண்டிக்கொள்ளும் தாய்மார்கள் அதில் நிறைய. மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்பது வாரம் வேண்டுதல் முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். குழந்தைகளின் கட்டி வேகமாக வளரும். ஒன்பது வாரம் அதற்கு நீண்ட காலம்.

குழந்தைக்குப் புற்றுநோய் வருமா?

வரும். பலருக்கு இது தெரியாது. புற்றுநோய் என்றால் பீடி குடிப்பவருக்கு வரும், புகையிலை போடுபவருக்கு வரும், வயதானவருக்கு வரும் என்று நினைக்கிறோம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளர் இளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

செங்கல்லால் சுவர் ஆனதுபோல, நம் உடம்பு செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்த் துணுக்கு. பழைய செல் சாகும். புதிய செல் பிறக்கும். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சில நேரம் ஒரு செல் இந்த ஒழுங்கை மீறிவிடும். நிறுத்தாமல் பெருகும். அதுவே கட்டியாகிறது. ரத்தத்தில் நடந்தால் ரத்தப் புற்றுநோய் ஆகிறது.

குழந்தைகளுக்கு இது ஏன் வருகிறது? பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்பார்கள். தாய்ப்பாலில் குறை என்பார்கள். கண் பட்டது என்பார்கள். எதுவும் உண்மை இல்லை. மருமகளை ஏசுவதால் ஒரு நாளும் கட்டி கரையாது. இது ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல. அந்தக் குழந்தையோடு மற்றக் குழந்தைகள் விளையாடலாம். ஒரே தட்டில் சாப்பிடலாம்.

ஈரலில் வரும் கட்டி

கல்லீரலை நாம் ஈரல் என்றும் சொல்கிறோம். உடம்பின் உள்ளே இருக்கும் பெரிய உறுப்பு இதுதான். வலது பக்கம் விலாவுக்குள் இருக்கிறது. சாப்பிட்ட சத்தைப் பிரித்து வைக்கிறது. நஞ்சை முறிக்கிறது. பித்த நீரைச் சுரக்கிறது.

"எங்கள் காலத்திலும் குழந்தைக்கு ஈரல் கட்டி வரும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் வேறு நோய். அதில் ஈரல் முழுவதும் வீங்கிக் கெட்டியாகும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி வைத்ததால், செம்பு பாலில் இறங்கி அந்த நோய் வந்தது என்று 1980களில் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். எவர்சில்வர் வந்தது. அந்த நோய் அரிதாகிவிட்டது. நாம் இங்கே பேசுவது புற்றுநோய்க் கட்டியைப் பற்றி.

சின்னக் குழந்தைகளின் ஈரலில் வரும் புற்றுநோய்க்கு ஹெபட்டோபிளாஸ்டோமா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்தப் பெயர் இருக்கும். பெரும்பாலும் 3 வயதுக்குள் வரும். மிக அரிதானது. ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் ஒன்று, இரண்டு பேருக்குத்தான் வரும். குறைமாதத்தில், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறந்த குழந்தையின் வயிற்றைக் குளிக்க வைக்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் வயிற்றில் ஒரு பசையைத் தடவி ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே ஸ்கேன்தான். வலிக்காது. கட்டி ஈரலில் இருக்கிறதா, சிறுநீரகத்தில் இருக்கிறதா என்று அதில் தெரியும்.

அடுத்து ரத்தச் சோதனை. அதில் ஏ.எஃப்.பி. என்று ஒரு சோதனை உண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஏ.எஃப்.பி. என்பது ஒரு புரதம். கருவில் இருக்கும்போது குழந்தையின் ஈரல் இதை ஏராளமாகச் செய்கிறது. பிறந்த பிறகு அளவு மளமளவென்று இறங்கிவிடும். ஈரலில் இந்தக் கட்டி வந்தால் பெரும்பாலும் மறுபடி ஏறும். ஆயிரக் கணக்கில், லட்சக் கணக்கில்கூட ஏறும். மருந்து வேலை செய்தால் அந்த எண் இறங்கும். சிகிச்சை முடிந்த பிறகு மறுபடி ஏறினால், கட்டி திரும்ப வருகிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். ஆகவே ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எண் இறங்கி வருவதை நீங்களே படித்துப் பார்க்கலாம்.

பிறகு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி எத்தனை பெரிது, எந்த ரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது என்று அதில் பார்ப்பார்கள். நெஞ்சையும் சேர்த்து எடுப்பார்கள். ஏனென்றால் ஈரல் கட்டி பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

கடைசியாக ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். இந்த இடத்தில்தான் பலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். துணுக்கு எடுக்காமல் பெரும்பாலும் என்ன கட்டி என்று உறுதியாகத் தெரியாது. என்ன கட்டி என்று தெரியாமல் சரியான மருந்து தர முடியாது. அனுபவம் உள்ள டாக்டர்கள், பரவாத முறையில்தான் எடுப்பார்கள்.

சிகிச்சை

பெரும்பாலும் முதலில் மருந்து. பிறகு அறுவை. மறுபடியும் கொஞ்சம் மருந்து.

முக்கியமான மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை போக வேண்டும். கட்டி சுருங்கும். சுருங்கியதும் அறுத்து எடுப்பது சுலபம்.

அறுவை என்றதும் பயம் வரும். "ஈரலையே வெட்டி எடுத்தால் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஈரலுக்கு ஒரு வல்லமை உண்டு. கீரையைக் கிள்ளினால் மறுபடி தழைக்கிறது அல்லவா? ஈரலும் வளரும். நல்ல ஈரலில் நான்கில் மூன்று பங்கு வரை எடுத்தாலும், மீதி ஒரு பங்கு சில வாரங்களில், மாதங்களில் வளர்ந்து தேவையான அளவுக்கு வந்துவிடும்.

சில குழந்தைகளுக்குக் கட்டி ஈரல் முழுவதும் இருக்கும். அப்போது ஈரலையே மாற்ற வேண்டும். தாயோ தந்தையோ தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். 1998-இல் டெல்லி அப்போலோ ஆஸ்பத்திரியில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு இப்படிச் செய்தார்கள். அந்தக் குழந்தைக்கு இருந்தது புற்றுநோய் அல்ல, பித்தக் குழாய் அடைத்த நோய். தந்தை தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக ஈரல் மாற்றியது அதுதான் முதல் முறை. அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது டாக்டர்.

கட்டி ஈரலில் மட்டும் இருந்து, முழுவதும் எடுக்க முடிந்தால், நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் 100 குழந்தைகளில் 90 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் சிகிச்சை கடினம். அப்போதும் பலர் பிழைக்கிறார்கள்.

மருந்து ஏற்றும்போது முடி கொட்டலாம். வாந்தி வரும். வாய் புண்ணாகும். முடி திரும்ப வளரும். வாந்திக்கு மருந்து உண்டு. இவை பெரிய ஆபத்து அல்ல. பெரிய ஆபத்து காய்ச்சல்தான். மருந்து ஏறிய நாட்களில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் குறைந்துவிடும். சாதாரணக் கிருமி ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காட்டினால் இரவு என்று பார்க்காதீர்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "குழந்தைக்கு கேன்சர் மருந்து ஏறுகிறது" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

மற்றக் கட்டிகள், மற்ற அறிகுறிகள்

ஈரல் கட்டி அரிது. குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். குழந்தை வெளுத்துப் போகும். காய்ச்சல் விட்டு விட்டு வரும். அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு தெரியும். ஈறில் ரத்தம் கசியும். "கால் வலிக்குதும்மா, தூக்கு" என்று நடக்க மறுக்கும். சத்து டானிக் கொடுத்து மாதங்களை ஓட்டாமல் ஒரு ரத்தச் சோதனை செய்தால் துப்பு கிடைத்துவிடும்.

ஒரு காலத்தில் இந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களில் இறந்துவிடும். அதை மாற்றியதில் நம் பக்கத்து மனிதர் ஒருவருக்குப் பங்கு உண்டு. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பீமாவரத்தில் 1895-இல் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்திக்கொண்டு போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். முழுப் பட்டம் கிடைக்கவில்லை. அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார். அங்கே அவருடைய குழு செய்த மருந்தை பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இந்தச் செய்தி 1948-இல் வெளிவந்தது. அதே ஆண்டு சுப்பாராவ் இறந்துபோனார். அந்த வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை இன்றும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு மருந்து நம் வீட்டு வாசலில் பூக்கும் செடியிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இதிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்தைப் பிரித்து எடுக்கிறார்கள். அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது நஞ்சு. ஒரு சின்னக் குப்பி மருந்துக்கு ஏராளமான இலை வேண்டும். அளந்து கொடுத்தால்தான் அது மருந்து.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. இரவு வெளிச்சத்தில் குழந்தையின் கண்மணி பூனைக் கண்போல வெள்ளையாக மினுங்கினால் கண்ணில் கட்டி இருக்கலாம். போட்டோவில்கூடச் சில நேரம் தெரியும். புதிதாக மாறுகண் வந்தாலும் காட்ட வேண்டும். கழுத்தில் நெறி கட்டி வாரக் கணக்கில் கரையாமல் இருந்தால் அதுவும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் இருந்தால் மூளையைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகத்தில் வரும் கட்டியும் ஈரல் கட்டியைப்போலக் குளிக்க வைக்கும்போதுதான் பெரும்பாலும் தட்டுப்படும். அதுவும் நன்றாகக் குணமாகும் வகை.

எங்கே போவது? பணத்துக்கு என்ன செய்வது?

விவேக் நகரில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரம் அல்ல. கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. டெய்ரி சர்க்கிள் தாண்டினால் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. இது 1973-இல் தொடங்கிய அரசு நிறுவனம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. தங்கவயல், ஓசூர், தர்மபுரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வருபவர்கள் பலர். அவர்களில் சிலர் விவேக் நகர் உறவினர் வீட்டில்தான் தங்குகிறார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கியது.

கர்நாடகத்தில் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா என்ற திட்டம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள ரேஷன் கார்டு இருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். முதல் நாளே ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் வருபவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான தாளில் டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். கவுண்டரில் கன்னடத்தில் சொன்னது புரியவில்லையா? கூச்சப்படாமல் இன்னொரு முறை கேளுங்கள். பெங்களூரு ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருப்பார்கள்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த 100 குழந்தைகளில் 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 பேர்கூட இல்லை. மருந்து இல்லாதது ஒரு காரணம். தாமதமாக வருவது ஒரு காரணம். பாதியில் விட்டுவிடுவது இன்னொரு காரணம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசிக் காரணம்தான். இரண்டு முறை மருந்து ஏறியதும் கட்டி சுருங்கும். குழந்தை ஓடி விளையாடும். "சரியாயிடுச்சு, இன்னும் எதுக்கு அந்த ஊசி?" என்று வீட்டில் சொல்வார்கள். அப்பாவுக்கு வேலைக்கு லீவு இல்லை. மூத்த பிள்ளைக்குப் பரீட்சை. ஒரு முறை போகவில்லை. அடுத்த முறை போகக் கூச்சம், டாக்டர் திட்டுவாரோ என்று. மீதி இருக்கும் செல்கள் மறுபடி வளரும். அப்போது பழைய மருந்துக்கு அடங்காமல் போகலாம். தவறிவிட்டால் கூச்சப்படாதீர்கள். மறுநாளே போங்கள். பஸ் காசு இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர் இருப்பார். தங்க இடம், சாப்பாடு, உதவித் தொகை பற்றி அவரிடம் கேட்கலாம்.

ஒரு தடுப்பூசி

குழந்தைப் புற்றுநோயைத் தடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. ஒன்றை மட்டும் தடுக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வரும் வேறு வகை ஈரல் புற்றுநோய் உண்டு. மஞ்சள் காமாலை பி என்ற கிருமி அதற்கு ஒரு பெரிய காரணம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு இது தொற்றலாம். தைவான் நாட்டில் 1984 முதல் குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போட்டார்கள். சில ஆண்டுகளில் பிள்ளைகளின் ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. நம் நாட்டில் 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில். பிரசவ வார்டிலேயே "காமாலை ஊசி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்தாலும் சில ஆண்டுகள் சோதனைக்குப் போய்வர வேண்டும். முதலில் அடிக்கடி. பிறகு இடைவெளி கூடும். ஸ்கேன், சீட்டு, எண் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

சிஸ்பிளாட்டின் மருந்து காதைப் பாதிக்கலாம். மெல்லிய, உச்சமான ஓசைகள் கேட்காமல் போகும். சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்தைச் சில மணி நேரம் கழித்து ஏற்றினால் இந்தப் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. உங்கள் குழந்தைக்குத் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காதைச் சோதிக்கும் நாளைத் தவற விடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். கேட்காமல் இருக்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது டீச்சரிடம் இதைச் சொல்லி, முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.